கூத்துப் பதிவுகளை எதில் வைப்பது? எச்டி டிவிடி – புளூ-ரே போட்டியை அளவுகோலாகக் கொண்ட ஓர் ஒப்பீடு

வன்னியிலுள்ள சனசமூக நிலையங்களும் கோயில் நிர்வாக சபைகளும் அதிக காலம் தள்ளிப்போட முடியாத ஒரு முடிவைப் பற்றியது இக்கட்டுரை. தொண்ணூறுகளிலும் அதற்கு அடுத்த சில ஆண்டுகளிலும் ஜெனரேற்றர் வெளிச்சத்தில் பிடிக்கப்பட்ட காத்தவராயன் கூத்துகள், முல்லைத்தீவுப் பகுதிக் கோவலன் கூத்து, வற்றாப்பளைப் பொங்கல், பாடசாலை விழாக்கள், கலியாண வீடுகள் ஆகியவை இன்னும் வீடியோ கசெற்றுகளிலும் மினி டிவி (MiniDV) எனப்படும் சிறு கசெற்றுகளிலும் கிடக்கின்றன. அவற்றுள் பல, ஊரிலேயே தப்பியவை அல்ல. இடப்பெயர்வுகளில் இங்கிருந்த பிரதிகள் அழிந்துபோக, முன்னரே கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் உள்ள உறவினர்களுக்கு அனுப்பப்பட்டிருந்த பிரதிகளே மிஞ்சின. அவற்றைக் கணினிக்கு மாற்றிய பின் எதில் வைத்துக் காப்பது என்பதே கேள்வி. எழுதக்கூடிய சாதாரண டிவிடி வட்டு, எழுதக்கூடிய புளூ-ரே வட்டு, வன்தட்டு, இணையம் என்று நான்கு வழிகள் முன்வைக்கப்படுகின்றன.

இத்தகைய பேச்சு எழும்போது வழக்கமாக இரண்டு விடயங்களே ஒப்பிடப்படுகின்றன: எவ்வளவு கொள்ளும், என்ன விலை. இரண்டும் தேவையான கேள்விகள்தாம். ஆனால், இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் அந்த வட்டைப் போட்டுப் பார்க்க ஒரு கருவி கிடைக்குமா என்பதை அவை சொல்வதில்லை. அதைச் சொல்வது, அந்த வடிவத்துக்குப் பின்னால் எந்தெந்த உற்பத்தியாளர்கள், படத் தயாரிப்பாளர்கள், வியாபாரிகள் நிற்கிறார்கள், எதற்காக நிற்கிறார்கள் என்பதுதான். இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிய நிகழ்வு, டிவிடிக்கு அடுத்ததாக, கூடுதல் தெளிவான படங்களுக்கென வந்த இரண்டு வட்டு வடிவங்களான எச்டி டிவிடிக்கும் புளூ-ரேக்கும் இடையில் 2006 முதல் 2008 வரை நடந்த போட்டியாகும். அது நடந்தபோது நாம் அதைக் கவனிக்கும் நிலையில் இருக்கவில்லை. வன்னியை வெளியிடங்களோடு இணைத்த ஏ9 பாதை 2006 ஓகஸ்ட் மாதம் மூடப்பட்டது. அந்தப் போட்டி முடிவுக்கு வந்த 2008 பெப்ரவரியில் வன்னி முழுப் போருக்குள் இருந்தது. ஆகவே, மற்ற இடங்களில் கருவி வாங்கியவர்கள் கைப்பணத்தைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடத்தை நாம் இப்போது வாசித்தே அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் இரண்டு வடிவங்களின் தன்மையையும் சுருக்கமாகப் பார்ப்போம். இரண்டும் 405 நானோமீற்றர் அலைநீளமுள்ள ஊதா நிற லேசரைப் பயன்படுத்தின. எச்டி டிவிடி ஓர் அடுக்கில் 15 ஜிகாபைட்டும் இரண்டு அடுக்கில் 30 ஜிகாபைட்டும் கொண்டது. புளூ-ரே முறையே 25, 50 ஜிகாபைட் கொண்டது. எம்பெக்-2, எச்.264, விசி-1 ஆகிய மூன்று படச் சுருக்க முறைகளையும் இரண்டுமே ஏற்றன. ஆகையால் ஒரே படத்தை இரண்டிலும் போட்டுப் பார்த்த சாதாரண பார்வையாளருக்குத் திரையில் பெரிய வேறுபாடு தெரிய வாய்ப்பிருக்கவில்லை. உள்ளே இருந்த பண்டம் ஒன்றே. பாத்திரம் மட்டுமே வேறு என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது. பின்னால் நமது முடிவுக்கு இது உதவும்.

உற்பத்தியில் வேறுபாடு இருந்தது. எச்டி டிவிடியில் தகவல் அடுக்கு டிவிடியில் உள்ளது போலவே மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீற்றர் ஆழத்தில் அமைந்திருந்ததால், ஏற்கெனவே டிவிடி அச்சிட்டுக்கொண்டிருந்த ஆலைகள் தமது இயந்திரங்களைச் சிறிது மாற்றியமைத்தே அதைச் செய்ய முடிந்தது. புளூ-ரேயில் அந்த ஆழம் 0.1 மில்லிமீற்றர் மட்டுமே என்பதால் புதிய இயந்திரங்களும், கீறல் விழாமல் காக்கும் கடினமான மேற்பூச்சும் தேவைப்பட்டன. விலையிலும் இது தெரிந்தது. 2006 ஏப்ரலில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த தோஷிபாவின் முதல் எச்டி டிவிடி கருவிகளில் மலிவானது 499 டொலர். இரண்டு மாதம் கழித்து வந்த சம்சுங்கின் புளூ-ரே கருவி 999 டொலர். மேலும், எச்டி டிவிடி படங்களுக்கு நாட்டு வலயப் பூட்டு, அதாவது ஒரு வலயத்தில் விற்ற வட்டு இன்னொரு வலயத்துக் கருவியில் ஓடாதபடி செய்யும் தடை, இருக்கவில்லை. புளூ-ரேயோ உலகை மூன்று வலயங்களாகப் பிரித்தது. நமது தெற்காசியா ஒரு வலயத்திலும், கனடா இன்னொன்றிலும், ஐரோப்பா மற்றொன்றிலுமாக, உறவுகள் சிதறி வாழும் எம்மைப் போன்றோருக்கு மிகவும் தொல்லை தரக்கூடிய ஏற்பாடு அது. டிவிடி வடிவத்தைப் பேணும் அதிகாரபூர்வ அமைப்பான டிவிடி போரமும் 2003 நவம்பரில் எச்டி டிவிடிக்கே அங்கீகாரம் அளித்திருந்தது.

தாளில் எழுதிப் பார்த்தால், சிக்கனமான ஒரு குடும்பமோ சங்கமோ எச்டி டிவிடியைத் தெரிவு செய்வதில் தவறு காண முடியாது. மலிவு, பூட்டு இல்லை, அதிகாரபூர்வ முத்திரை உண்டு. ஆயினும் கடைக்கு வந்து இரண்டு ஆண்டு நிறைவதற்குள் அது கைவிடப்பட்டது. கொள்ளளவு குறைவு என்பதை இதற்குக் காரணமாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. முப்பது ஜிகாபைட்டில் ஒரு முழுநீளத் திரைப்படம் நன்றாகவே அடங்கும். காரணத்தைத் தொழில்துறை ஆதரவின் அமைப்பில்தான் தேட வேண்டும்.

கருவி செய்தவர்களிலிருந்து தொடங்கலாம். 2002 பெப்ரவரியில் புளூ-ரே அறிவிக்கப்பட்டபோதே சோனி, பனசொனிக்கின் தாய் நிறுவனமான மட்சுஷிட்டா, பயனியர், பிலிப்ஸ், தொம்சன், எல்ஜி, ஹிட்டாச்சி, ஷார்ப், சம்சுங் என ஒன்பது நிறுவனங்கள் அதன் பின்னால் நின்றன. யப்பான், கொரியா, ஐரோப்பா என்று வெவ்வேறு இடங்களைச் சேர்ந்த, தமக்குள் கடும் போட்டியாளர்களான நிறுவனங்கள் அவை. எதிர்ப்பக்கத்தில் வடிவத்தை முன்மொழிந்தவை தோஷிபாவும் என்ஈசியும். கடைத்தட்டில் இருந்த எச்டி டிவிடி கருவிகளில் மிகப் பெரும்பாலானவை தோஷிபா செய்தவை. வேறு பெயரில் விற்கப்பட்ட சிலவும் உள்ளே தோஷிபாவின் கருவிகளே.

இந்த நிலை ஏன் ஏற்பட்டது என்பதுதான் முழு வரலாற்றிலும் மிகவும் கவனிக்கத்தக்க பகுதி என்று கருதுகிறேன். வாடிக்கையாளரை விரைவில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தோஷிபா தனது கருவிகளை மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. 2007 நவம்பரில் அமெரிக்க வோல்மார்ட் கடைகளில் அதன் ஒரு கருவி 98.87 டொலருக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களுக்கு அது பெரும் வாய்ப்பாகத் தோன்றியிருக்கும். ஆனால், வடிவத்தின் சொந்தக்காரரே அந்த விலைக்கு விற்கும்போது, இன்னொரு உற்பத்தியாளர் அதே கருவியைச் செய்து எப்படி இலாபம் பார்க்க முடியும்? விலை குறையக் குறைய வேறு உற்பத்தியாளர் வருவதற்கான காரணமும் குறைந்தது. இவ்வாறு எச்டி டிவிடி, ஒரே துருசுள்ள குளத்தின் கீழ் விதைத்த வயல்போல ஆயிற்று. அந்தத் துருசு அடைபட்டால் வேறு வழியால் நீர் வராது. புளூ-ரேயைச் செய்தவர்களோ விலையை மெதுவாகவே குறைத்தார்கள். வாங்குபவருக்கு அது சுமையாக இருந்தாலும், பலர் தொடர்ந்து செய்வதற்கு இடமிருந்தது.

கணினி நிறுவனங்களின் ஆதரவு இன்னொரு விதமானது. 2005 செப்ரெம்பரில் மைக்ரோசொப்டும் இன்டெலும் எச்டி டிவிடியை ஆதரிப்பதாக அறிவித்தன. உலகின் கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் மென்பொருளும் சில்லும் அவ்விரண்டினுடையவை என்பதால், அன்று அச்செய்தி முடிவையே தீர்மானித்துவிட்டது போலத் தோன்றியிருக்கும். மறுபக்கத்தில் டெல், எச்பி, அப்பிள் ஆகியவை புளூ-ரே அணியில் இருந்தன; எச்பி 2005 இறுதியில் இரண்டு அணிகளிலும் கால் வைத்தது. இந்தப் பெயர்ப் பட்டியல்களை வாசிக்கும்போது ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். அப்பிள் 2005 மார்ச்சில் புளூ-ரே சங்கத்தின் நிர்வாகத்தில் இணைந்தது. ஆனால் தான் விற்ற எந்த மக் கணினியிலும் புளூ-ரே டிரைவ் ஒன்றை அது ஒருபோதும் வைக்கவில்லை. மைக்ரோசொப்ட் எச்டி டிவிடிக்காகக் குரல் கொடுத்தது. ஆனால் எக்ஸ்பொக்ஸ் 360 விளையாட்டுக் கருவிக்குள் அதை வைக்காமல், 2006 நவம்பரில் 199 டொலருக்குத் தனியாக வாங்கிப் பொருத்தும் துணைக்கருவியாகவே கொடுத்தது. விரும்பியவர்கள் மட்டுமே அதை வாங்கினார்கள்.

அதே மாதத்தில் சோனி செய்தது நேர்மாறானது. தனது பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவி ஒவ்வொன்றினுள்ளும் புளூ-ரே டிரைவை வைத்தே அது விற்றது. அதனால் கருவியின் விலை அமெரிக்காவில் 499 டொலரிலும் 599 டொலரிலும் தொடங்கி, விற்பனை தொடக்கத்தில் தளர்ந்தது. சோனி பெரும் நட்டத்தைத் தாங்கியது. எனினும், விளையாட்டுக்காக வாங்கியவர்களின் வீடுகளிலெல்லாம் கேளாமலே ஒரு புளூ-ரே கருவி வந்து சேர்ந்தது. எச்டி டிவிடி கைவிடப்பட்டபோது, எக்ஸ்பொக்ஸ் துணைக்கருவிகளையும் சேர்த்து உலகெங்கும் ஏறத்தாழ பத்து லட்சம் எச்டி டிவிடி கருவிகளே விற்கப்பட்டிருந்தன. பிளேஸ்டேஷன் 3 அதற்குப் பல மடங்கு விற்றிருந்தது. சொல்லால் தரும் ஆதரவுக்கும் தன் பொருளுக்குள் வைத்துத் தரும் ஆதரவுக்கும் உள்ள தூரம் இந்தக் கணக்கில் தெரிகிறது.

அடுத்தது ஹொலிவூட் நிறுவனங்கள். பார்ப்பதற்குப் படம் இல்லாத கருவியை எவரும் வாங்கமாட்டார்கள் என்பதால் இரு அணிகளும் அவர்களையே சுற்றி வந்தன. சோனிக்கு இங்கே ஓர் அனுகூலம் இருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதியில் தொடங்கிய பீட்டாமக்ஸ் – விஎச்எஸ் வீடியோ கசெற் வடிவங்களின் போட்டியில் தோற்ற அந்நிறுவனம், 1989இல் கொலம்பியா பிக்சர்ஸை வாங்கியது. 2005இல் எம்ஜிஎம்மை வாங்கிய கூட்டிலும் பங்கெடுத்தது. எனவே எவரும் துணைக்கு வராவிட்டாலும் புளூ-ரேயில் வெளியிட அதனிடம் படங்கள் இருந்தன. 2004 நவம்பர் இறுதியில் பரமவுண்ட், யுனிவர்சல், வோர்னர், நியூ லைன் ஆகிய நான்கும் எச்டி டிவிடியை ஆதரித்தன. அடுத்த மாதமே டிஸ்னி புளூ-ரே பக்கம் சென்றது. 2005இல் பொக்ஸ் அதைத் தொடர்ந்தது. 2005 ஒக்ரோபரில் பரமவுண்டும் வோர்னரும் இரண்டிலும் வெளியிடுவதாக நிலையை மாற்றிக்கொண்டன. இதன் விளைவாக, பெரிய நிறுவனங்களுள் எச்டி டிவிடியை மட்டும் நம்பி நின்றது யுனிவர்சல் ஒன்றே.

2007 ஓகஸ்ட் மாதம் பரமவுண்டும் ட்ரீம்வேர்க்ஸ் அனிமேஷனும் திடீரென்று புளூ-ரேயைக் கைவிட்டு எச்டி டிவிடிக்கு மட்டும் தமது படங்களைத் தருவதாக அறிவித்தன. இதற்காக அவ்விரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 15 கோடி டொலர் பெறுமதியான சலுகைகள் வழங்கப்பட்டதாக அக்காலப் பத்திரிகைகள் எழுதின. அந்த ஆதரவு போட்டியைச் சில மாதங்கள் நீட்டியதே தவிர, எச்டி டிவிடியைச் செய்யும் நிறுவனங்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூடக் கூட்டவில்லை. பணம் கொடுத்துப் பெறும் ஆதரவு முழுவதும் பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை. பிளேஸ்டேஷனில் சோனி தாங்கிய நட்டமும் ஒருவகையில் பணம் கொடுத்து வாங்கிய ஆதரவுதான். வேறுபாடு என்னவென்றால், சோனியின் பணம் மக்களின் வீடுகளுக்குள் கருவிகளாகச் சென்று தங்கியது. மற்றப் பணம் ஓர் ஒப்பந்தத்தில் தங்கியது.

கடைக்காரர்கள் அதற்கு முன்னரே கணக்குப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். 2007 ஜூனில், அமெரிக்காவில் படம் வாடகைக்கு விடும் பெரும் நிறுவனமான புளொக்பஸ்டர், தனது 1,450 கடைகளில் புளூ-ரேயை மட்டும் வைக்கத் தீர்மானித்தது. இரண்டு வடிவங்களையும் வைத்திருந்த கடைகளில் புளூ-ரேயே பெரும்பாலும் எடுத்துச் செல்லப்பட்டது என்பதே அது கூறிய காரணம். வாடிக்கையாளரின் கையை நாள்தோறும் பார்ப்பவர் கடைக்காரர் என்பதால், பட நிறுவனங்களின் அறிவிப்புகளைவிட இந்தச் செய்திக்கு அன்றே கூடுதல் எடை கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் நின்ற வோர்னர், 2008 ஜனவரி 4ஆம் திகதி, இனிப் புளூ-ரேயில் மட்டுமே வெளியிடப்போவதாக அறிவித்தது. எச்டி டிவிடி அணி லாஸ் வேகாஸ் மின்னணுப் பொருள் கண்காட்சியில் நடத்தவிருந்த செய்தியாளர் சந்திப்பை இரத்துச் செய்தது. பெப்ரவரி நடுப்பகுதிக்குள், படவட்டுகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்பிய நெட்பிளிக்ஸும், பெரும் கடை நிறுவனங்களான பெஸ்ட் பை, வோல்மார்ட் ஆகியனவும் புளூ-ரேயைத் தெரிவு செய்தன. பெப்ரவரி 19ஆம் திகதி தோஷிபா எச்டி டிவிடி கருவிகளைக் கைவிடுவதாக அறிவித்தது. அன்றே யுனிவர்சலும் அணி மாறியது. ஜனவரி 4இலிருந்து கணக்கிட்டால் 46 நாட்கள். முந்திய நவம்பரில் 98.87 டொலருக்குக் கருவி வாங்கியவருக்கு அது வாங்கி நான்கு மாதம் கூட ஆகியிருக்கவில்லை. அடுத்த ஆண்டே தோஷிபாவும் புளூ-ரே சங்கத்தில் சேர்ந்து புளூ-ரே கருவிகளை விற்கத் தொடங்கியது.

இந்த வரலாற்றிலிருந்து, ஒரு வடிவத்துக்கு உள்ள ஆதரவை எடைபோட மூன்று கேள்விகளைப் பெறலாம். அந்த வடிவத்தைப் படிக்கும் கருவியை ஒன்றுக்கொன்று தொடர்பற்ற எத்தனை நிறுவனங்கள் செய்கின்றன? ஆதரிப்பதாகச் சொல்பவர்கள் அதைத் தமது பொருளுக்குள் உண்மையில் வைத்திருக்கிறார்களா? இன்று ஆதரிப்பவருக்கு நாளையும் ஆதரிக்கச் சொந்தக் காரணம் உண்டா? முதலாவது கேள்வியே மூன்றிலும் பெரியது என்பது என் கணிப்பு.

போட்டி நடப்பதற்கு முன்னரே சமரசம் ஏற்பட்ட உதாரணங்களும் உண்டு. 1995இல் சோனியும் பிலிப்ஸும் ஒரு வட்டையும், தோஷிபாவும் டைம் வோர்னரும் இன்னொரு வட்டையும் முன்வைத்தபோது, ஐபிஎம் தலைமையிலான கணினி நிறுவனங்கள் ஒரே வடிவமாக வந்தால்தான் ஏற்போம் என்று உறுதியாக நின்றன. அதன் விளைவே நாம் இன்றுவரை பயன்படுத்தும் டிவிடி. எழுதக்கூடிய டிவிடியில் கழித்தல் குறி வட்டு (DVD-R), கூட்டல் குறி வட்டு (DVD+R) என்று பிளவு வந்தபோதும், இரண்டையும் எழுதும் டிரைவ்கள் மலிவாக வந்து சண்டையைப் பொருளற்றதாக்கின. எச்டி டிவிடிக்கும் புளூ-ரேக்கும் எல்ஜியும் சம்சுங்கும் இரட்டைக் கருவி செய்தன. அவை விலை கூடியவையாகவும் காலம் தாழ்த்தியும் வந்தன.

ஆனால், வென்ற வடிவத்தை இன்று கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்யலாமா? அதே மூன்று கேள்விகளை இன்றைய புளூ-ரேயிடம் கேட்டால் பதில் மனநிறைவு தருவதாக இல்லை. சம்சுங் 2019இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய புளூ-ரே கருவிகள் செய்வதை நிறுத்தியது; எல்ஜியும் பின்னர் அந்த வரிசையிலிருந்து விலகியது. நெட்பிளிக்ஸ் 2023 செப்ரெம்பரில் வட்டு அனுப்பும் சேவையை மூடியது; பெஸ்ட் பை 2024இல் படவட்டு விற்பனையைக் கைவிட்டது. எமக்கு மிக நேரடியாகப் பொருந்தும் செய்தி, எழுதக்கூடிய புளூ-ரே வட்டுகளையும் மினி டிவி கசெற்றுகளையும் செய்வதைச் சோனி 2025 பெப்ரவரியில் நிறுத்தியதாகும். வடிவத்தின் தாய் நிறுவனங்களுள் முதன்மையானதே எழுதும் வட்டிலிருந்து வெளியேறிவிட்டது.

இப்போது எமது நான்கு வழிகளுக்கு வருவோம். எமது பதிவுகளின் அளவை ஒரு கணக்கில் வைத்துக்கொள்ளலாம். மினி டிவி கசெற் ஒன்றைத் தரம் குறையாமல் கணினிக்கு எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட் வரும். இரவிரவாக எட்டு மணித்தியாலம் ஆடப்பட்ட ஒரு கூத்து ஏறத்தாழ 104 ஜிகாபைட்.

சாதாரண டிவிடி வட்டு ஒன்று 4.7 ஜிகாபைட் கொள்ளும். ஒரு கூத்துக்கு 23 வட்டுகள் தேவை. அல்லது தரத்தைக் குறைத்துச் சுருக்க வேண்டும். வட்டு எந்தப் பட்டினத்துக் கடையிலும் கிடைக்கும், வீடுகளில் பழைய கருவிகள் இன்னும் உண்டு என்பன அதன் பலம். ஆனால் புதிய மடிக்கணினிகளில் வட்டு டிரைவ் வைப்பது ஏறத்தாழ நின்றுவிட்டது. எழுதும் டிவிடியில் தகவல் ஒரு சாயப் படலத்தில் பதிகிறது. எமது வெயிலும் மாரிகாலத்து ஈரமும் அதற்கு ஆகாதவை. ஆலையில் அச்சிட்ட வட்டுகளே பழுதாகின்றன: 2006 முதல் 2008 வரை அச்சிடப்பட்ட தனது டிவிடிகளில் சில பழுதடைந்திருப்பதை வோர்னர் 2025இல் ஏற்றுக்கொண்டது. கலியாண வீட்டுக் காணொளியை ஒரு பெரியவருக்குப் போட்டுப் பார்க்கக் கொடுப்பதற்கு டிவிடி போதும். மூலப்பிரதியை வைப்பதற்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எழுதக்கூடிய புளூ-ரேயில் அதே கூத்து ஐந்து வட்டுகளில் அடங்கும். அதன் சாதாரண வகையில் பதியும் படலம் சாயத்தால் ஆனதன்று, கனிமப் பொருளால் ஆனது. ஆகவே வெப்பத்தையும் ஒளியையும் கூடுதலாகத் தாங்கும். எல்டிஎச் (LTH) என்று குறிக்கப்பட்ட மலிவான வகையில் மீண்டும் சாயமே இருப்பதால் அதை வாங்கக் கூடாது. எம்-டிஸ்க் என்ற பெயரில் நீண்ட ஆயுள் சொல்லி விற்கப்படும் வட்டுகளும் உண்டு; அதைத் தொடங்கிய மில்லெனியாட்டா நிறுவனம் 2016இல் முறிந்துபோக, அந்தப் பெயர் வேறு உற்பத்தியாளர் வழியாகத் தொடர்கிறது. வட்டு நூறாண்டு கிடந்தாலும் அதைப் படிக்கும் டிரைவைச் செய்பவர் எத்தனை பேர் என்பதே எமது கேள்வி. அந்த எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைகிறது. இன்று கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு சங்கம் புளூ-ரே எழுதும் டிரைவ் தேடினால், பெரும்பாலும் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டு உறவினர் மூலமாகவோ தான் தருவிக்க வேண்டியிருக்கும். நாமே எழுதும் வட்டுகளுக்கு வலயப் பூட்டு இல்லை என்பது மட்டும் ஆறுதல்.

வன்தட்டு கையாளுவதற்கு மென்மையானது. விழுந்தால் உடையும்; மின்சாரம் ஏறி இறங்கினால் பழுதாகும்; பெட்டியில் பூட்டி வைத்துப் பல ஆண்டு மறந்துவிடக் கூடிய பொருளும் அன்று. ஆயினும் ஆதரவு என்ற அளவுகோலில் அது வட்டுகள் இரண்டையும் விட மேலே நிற்கிறது. சீகேற், வெஸ்டர்ன் டிஜிற்றல், தோஷிபா ஆகிய மூன்றும் தனித்தனியாக அதைச் செய்கின்றன. ஒரு டெராபைட் வன்தட்டில் மேற்சொன்ன கணக்கில் ஏறத்தாழ 75 மணித்தியாலப் பதிவு அடங்கும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, அதற்குள் இருப்பது கோப்பு. பாத்திரம் மாறும்போது பண்டத்தை அப்படியே அடுத்த பாத்திரத்துக்கு மாற்றலாம். எச்டி டிவிடி செத்துப்போனாலும், அதற்குள் படம் வைக்கப் பயன்பட்ட எச்.264 முறை இன்று ஒவ்வொரு கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. பல்லாயிரம் நிறுவனங்கள் தமது சொந்தத் தேவைக்காகத் தாங்கி நிற்கும் வடிவம் அதுவே என்பதால், பார்வைப் பிரதிகளை அந்த வடிவில் செய்வதில் தயக்கம் வேண்டியதில்லை.

இணையத்தில் ஏற்றி வைப்பது, ரொறன்ரோவிலும் பாரிஸிலும் உள்ள பிள்ளைகள் பார்ப்பதற்கு மிகச் சிறந்த வழி. ஆனால் அங்கே பிரதி இன்னொருவரின் கணக்கின் கீழும் விதிகளின் கீழும் இருக்கிறது. ஏற்றும்போதே தரமும் சுருக்கப்படுகிறது. தோஷிபாவை மட்டும் நம்பியவர்களின் நிலைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஆகவே என் பரிந்துரை இது. மூலப்பிரதி, வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரண்டு வன்தட்டுகளில் இருக்கட்டும்; ஒன்று சனசமூக நிலையத்திலும், மற்றது வேறு ஊரில், உதாரணமாக முதலாவது முள்ளியவளையிலானால் இரண்டாவது வவுனியாவில், பொறுப்பான ஒருவரிடமும் வைக்கப்படட்டும். மூன்றாவது பிரதி வெளிநாட்டில் ஓர் உறவினரிடம் இருக்கட்டும். எமது கசெற்றுகளைத் தப்பவைத்த ஏற்பாடே அதுதான். ஆண்டுக்கு ஒரு தடவை, நிர்வாகப் பொதுக்கூட்டம் நடக்கும் மாதத்தில், எல்லாவற்றையும் இணைத்துத் திறந்து பார்ப்பதையும், ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு முறை புதிய தட்டுக்கு மாற்றுவதையும் கூட்டக் குறிப்பில் எழுதி வைக்க வேண்டும். எழுதும் புளூ-ரே டிரைவ் ஏற்கெனவே கிடைத்துவிட்ட சங்கம், மீண்டும் பிடிக்க முடியாத சில கூத்துகளை மட்டும் வட்டிலும் எழுதி, அந்த டிரைவையும் வட்டுகளோடு சேர்த்துப் பேணலாம். டிரைவ் இல்லாத சங்கம் அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு இதைவிட அவசரமான வேலை உண்டு. வீடியோ கசெற் கருவிகளைச் செய்துவந்த கடைசிப் பெரும் நிறுவனமான யப்பானின் புனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இயங்கும் பழைய டெக் ஒன்றைத் தேடி, திருத்தத் தெரிந்த ஒருவரைக் கொண்டு அதன் தலையைத் துப்புரவாக்கி, பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிய கசெற்றுகளை முதலிலும், இரண்டாவது பிரதி எங்குமே இல்லாதவற்றை அடுத்தும், மற்றவற்றைப் பின்னரும் எடுக்க வேண்டும். மாரி தொடங்குவதற்கு முன்னரே இந்த வேலையைத் தொடங்குவது நல்லது.